சுட்ட கூடு வெளியே வர மறுத்தால்

டெக்சாசில் பொது மான் சீசன் நவம்பர் முதல் வாரம் தொடங்கும். அதற்கு இரண்டு மாதம் முன்பே எனக்குக் கடிதங்கள் வர ஆரம்பித்துவிடும். அலமாரியிலிருந்து ரைபிளை எடுத்து, சுடும் ரேஞ்சுக்குப் போய், ஏதோ சரியில்லை என்று கை உணர்ந்த பிறகு எழுதுகிற கடிதங்கள். இந்த முறை பாதிப் பேருக்கு ஒரே சிக்கல்தான்: வீட்டில் நிரப்பிய தோட்டாவைச் சுட்டதும் அதன் காலிப் பித்தளைக் கூடு சேம்பரிலேயே (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) ஒட்டிக்கொள்கிறது. அதனால் இந்த மாதம் வேறு கேள்விகளுக்கு இடமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வணக்கம் சார். என்னிடம் .308 வின்செஸ்டர் போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் (சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டைக் கையால் திறந்து மூடும் வகை) இருக்கிறது. இரண்டு வருடமாக நானே தோட்டா நிரப்புகிறேன். பிப்ரவரியில் ஒரு வெடிமருந்து அளவு பிடித்துப்போய், கையேட்டின் உச்ச அளவுக்குச் சற்றுக் கீழே, நூறு தோட்டா நிரப்பினேன். அன்று சுட்டுப் பார்த்த சிலவற்றில் எந்தத் தொந்தரவும் இல்லை. பாதி எப்போதும் பயன்படுத்தும் கூடுகள், மீதிப் பாதி மலிவாகக் கிடைத்த பழைய ராணுவக் கூடுகள். போன ஆகஸ்டில் ரேஞ்சுக்குப் போனேன். நாலாவது தோட்டாவுக்குப் பிறகு போல்ட் கைப்பிடியை உள்ளங்கையால் அடித்துத்தான் தூக்க முடிந்தது. ஏழாவது கூடு வரவே இல்லை, கூட்டைக் கவ்வி இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் அதன் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர், கூட்டில் லேசாக எண்ணெய் தடவினால் வழுக்கிக்கொண்டு வரும் என்றார். இன்னும் 80 தோட்டா மிச்சம். தடவிப் பார்க்கலாமா? - வாசகர், சான் அன்டோனியோ

பதில்: வேண்டாம் தம்பி. எண்ணெய்ப் பாட்டிலை முதலில் மூடி வையுங்கள். அந்த 80 தோட்டாவையும் ஒரு பையில் போட்டு, மேலே ‘சுடாதே’ என்று எழுதி ஒட்டுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் நான் ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்பது புரியும். வெடிமருந்து எரியும்போது கூடு உப்பி, சேம்பர் சுவரோடு ஒட்டி, வாயு பின்பக்கம் உங்கள் முகத்துக்கு வராமல் அடைக்கிறது. பித்தளையை இந்த வேலைக்கு வைத்திருப்பதே அதற்காகத்தான், நூற்றுக்கு எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம். குண்டு குழலை விட்டுப் போனதும் அழுத்தம் விழும், பித்தளை ஒரு மயிரிழை உள்வாங்கும். அந்த மயிரிழை இடைவெளிதான் நீங்கள் இரண்டு விரலால் போல்ட்டைத் தூக்குவதற்குக் காரணம். .308-க்கு அனுமதித்த உச்ச அழுத்தம் 62,000 பிஎஸ்ஐ, உங்கள் கார் டயரில் இருப்பதைப்போல் கிட்டத்தட்ட 2,000 மடங்கு. அதைத் தாண்டினால் பித்தளை திரும்பி வர முடியாத அளவுக்கு விரிந்துவிடும், கூடவே சேம்பர் இரும்பும் கொஞ்சம் உப்பும். ஆனால் இரும்பு பழைய இடத்துக்கே திரும்பிச் சுருங்கும், பித்தளை திரும்பாது. எவர்சில்வர் டம்ளருக்குள் இன்னொரு டம்ளரை அழுத்திச் செருகிவிட்டு இழுத்துப் பார்த்திருப்பீர்களே, அதே இறுக்கம்தான். கூடு ஒட்டவில்லை, சேம்பர் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

எண்ணெய் தடவினால் என்ன ஆகும்? உப்பிய கூடு சேம்பர் சுவரைப் பற்றிக்கொள்வதால் பின்பக்க உதையில் ஒரு பங்கைச் சுவரே தாங்குகிறது. வழுக்கவிட்டால் அந்தப் பங்கும் சேர்ந்து போல்ட்டின் தலையிலும் அதைப் பூட்டும் காதுகளிலும் போய் விழும். அழுத்தம் அப்படியே இருக்கும், அதைக் காட்டிக்கொடுத்த அறிகுறி மட்டும் மறையும். காய்ச்சல்காரன் தெர்மாமீட்டரை ஐஸ் தண்ணீரில் முக்கிப் பார்த்துக்கொள்கிற கதை. சைஸ் செய்யும்போது, அதாவது சுட்ட கூட்டை டை என்கிற அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும்போது, கூட்டில் பூசிய மெழுகைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் சுட வேண்டும் என்பதும் இதனால்தான்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். பிப்ரவரிக்கும் ஆகஸ்டுக்கும் இடையில் என்ன மாறியது? முதலாவது, வெயில். பல வெடிமருந்துகள் சூட்டில் வேகமாக எரியும். குளிர்காலத்தில் உச்சத்துக்குப் பக்கத்தில் நின்ற அளவு, 38 டிகிரியில் உச்சத்தைத் தாண்டிவிடும். தோட்டாப் பெட்டி எங்கே இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை, பெஞ்சின்மேல் வெயிலில் திறந்து கிடந்திருக்கும் அல்லது பூட்டிய காருக்குள் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். நாலாவது தோட்டாவில் தொடங்கியதும் அதற்குப் பொருந்துகிறது, அதற்குள் குழல் சூடாகியிருக்கும், சூடான சேம்பரில் தோட்டாவை வைத்துவிட்டு நிதானமாகக் குறிபார்த்தால் மருந்து இன்னும் சூடேறும்.

இரண்டாவது, அந்த ராணுவக் கூடுகள். இவற்றின் சுவர் பொதுவாகத் தடிமன். வெளியளவு ஒன்றுதான், உள்ளே இடம் குறைவு. அதே மருந்தைச் சின்னப் பாத்திரத்தில் அடைத்தால் அழுத்தம் ஏறும். சிக்கிய ஏழாவது கூடு எந்த வகை என்று அடியில் உள்ள முத்திரையைப் பாருங்கள், ராணுவக் கூடாக இருந்தால் எனக்கு ஆச்சரியமே இராது. கூடு மாறினாலும் பிரைமர் (கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) மாறினாலும் குண்டு மாறினாலும், ஏன், அதே மருந்தில் புது டப்பா திறந்தாலும்கூட, கீழிருந்துதான் மறுபடி ஏற வேண்டும். உச்ச அளவிலிருந்து பத்து சதவீதம் குறைத்துத் தொடங்குங்கள். சலிப்பான வேலைதான், வேறு வழியில்லை.

மூன்றாவதை நீங்கள் சந்தேகிக்கவே இல்லை, தராசு. இதில் நானே சூடு பட்டவன். பல வருடத்துக்கு முன் இதே மாதிரி கூடுகள் ஒட்ட ஆரம்பித்தன. நான் டையைத் திட்டினேன், சேம்பரைத் திட்டினேன், இரண்டு வாரம் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்தேன். கடைசியில் பார்த்தால் கராஜில் ஓடிய மேஜை ஃபேனின் காற்று மின்தராசின் தட்டை ஓயாமல் தள்ளிக்கொண்டிருந்தது. ஃபேனை அணைத்துவிட்டு எடைக்கல்லை வைத்ததும் காட்டிய எண்ணைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். .308 மாதிரியான தோட்டாவில் தொடக்க அளவுக்கும் உச்ச அளவுக்கும் நடுவே பெரும்பாலும் நாலு கிரெயின்தான் வித்தியாசம், கிட்டத்தட்ட கால் கிராம். சமையலறையில் ஒரு சிட்டிகை என்போமே, அந்த ஒரு சிட்டிகைக்குள்தான் நம் விளையாட்டு முழுவதும். பத்துத் தோட்டாவுக்கு ஒருமுறை எடைக்கல்லை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

சுட்ட கூடுகளைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? அவற்றை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். பிரைமரின் விளிம்பு உருண்டையாக இருக்கிறதா, தோசைக்கல்லில் தேய்த்த மாதிரி தட்டையாக இருக்கிறதா? கூட்டின் அடியில், எழுத்துகளுக்கு மேலே, பளபளவென்று சின்னப் பிறை அல்லது வட்டம் தெரிகிறதா? அது பித்தளை கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரின் துளைக்குள் வழிந்து, போல்ட் சுழலும்போது சீவப்பட்ட தடம். கனத்த போல்ட்டோடு அந்தத் தடமும் இருந்தால் பேச்சே வேண்டாம், அழுத்தம்தான். தட்டைப் பிரைமரை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், சில பிரைமர்கள் மென்மையானவை, சாதாரண அழுத்தத்திலும் தட்டையாகும். புதுப் பிரைமரைச் செருகும்போது கை அழுத்தமே தேவையில்லாமல் பொதக்கென்று உள்ளே போனால், அந்தக் கூட்டின் காலம் முடிந்தது.

அப்புறம் ஒரு எளிய சோதனை. கடையில் விற்கும் தரமான தோட்டாப் பெட்டி ஒன்று வாங்கி, சேம்பரை நன்றாகத் துடைத்து, அதைச் சுடுங்கள். அந்தக் கூடுகள் சுலபமாக வந்தால் குற்றம் உங்கள் தோட்டாவில். அவையும் ஒட்டினால் சேம்பரில்: துரு தின்ற பள்ளம், கடைசல் கருவி விட்ட வரிகள், கழுத்துப் பகுதியில் கல்லாக இறுகிய கரி. கூட்டின்மேல் கறுப்பு மார்க்கர் பேனாவைப் பூசி உள்ளே வைத்து எடுத்தால் எங்கே உரசுகிறது என்று மை அழிந்த இடமே சொல்லிவிடும். சேம்பரை நீங்களே உப்புத்தாள் சுற்றித் தேய்க்கப் போகாதீர்கள். நாலு இழுப்பில் அளவு போய்விடும், அதற்குப் பிறகு புதுக் குழல்தான். துப்பாக்கி பழுது பார்க்கும் கன்ஸ்மித்திடம் கொடுங்கள்.

இப்போது சிக்கிய கூட்டை எடுப்பது. சுட்ட கூடுதான் என்பதில் துளி சந்தேகம் இருந்தாலும் தொடாமல் கன்ஸ்மித்திடம் போங்கள், சுடாத தோட்டாவை முன்பக்கமிருந்து கம்பியால் தட்டுவது தற்கொலை. சுட்டதுதான் என்று நிச்சயமாகத் தெரிந்தால், போல்ட்டைக் கழற்றிவிட்டு, கூட்டின் ஓரமாக ஊடுருவும் எண்ணெயை இரண்டு சொட்டு விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் குழலின் வாய்ப்பக்கமிருந்து குழலுக்குப் பொருந்துகிற தடித்த கம்பியைச் செலுத்தி மெல்லத் தட்டினால் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால், கட்டையிலிருந்து பிரித்த குழலை ஃப்ரீசரில் வைத்துப் பாருங்கள். குளிரில் இரும்பைவிடப் பித்தளை அதிகம் சுருங்கும், அம்மாக்கள் டம்ளரைப் பிரிக்க உள்ளே ஐஸ் தண்ணீரும் வெளியே வெந்நீரும் ஊற்றுவது போலத்தான். முடிந்ததும் எண்ணெயை ஒரு துளி மிச்சமில்லாமல் துடைத்துவிட வேண்டும். சுத்தியலால் போல்ட் கைப்பிடியை மட்டும் அடிக்காதீர்கள், பல ரைபிள்களில் அது பற்றவைத்து ஒட்டியதுதான், கையோடு வந்துவிடும்.

அந்த 80 தோட்டாவைக் குளிர்காலம் வரை வைத்திருந்து சுடலாம் என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். கூடாது. குண்டு பிடுங்கும் சுத்தியல் ஒன்று வாங்கி எல்லாவற்றையும் பிரித்துவிடுங்கள். இரண்டு மாலை வேலை. குண்டும் கூடும் மறுபடி பயன்படும்.

கேள்வி: இங்கே பண்ணையில் நரிக்கும் காட்டுப்பன்றிக்கும் .243 ரைபிள் வைத்திருக்கிறேன். கூட்டின் ஆயுள் நீளும் என்று கழுத்தை மட்டும் சைஸ் செய்து வந்தேன். ஆறாவது தடவையில் போல்ட்டை மூடவே கஷ்டம், திறக்கும்போது கைப்பிடி உச்சிக்கு வந்ததும் ‘டக்’ என்று ஒரு சத்தம். மருந்து அளவு நடுத்தரம்தான். - வாசகர், டப்போ, ஆஸ்திரேலியா

பதில்: மூடுவதற்கே கஷ்டம் என்று எழுதினீர்களே, அதுதான் முக்கியமான வரி. சுடுவதற்கு முன்பே இறுக்கம் என்றால் அழுத்தத்தைக் குற்றம் சொல்ல முடியாது. ஒவ்வொரு முறை சுடும்போதும் கூட்டின் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்து, இப்போது சேம்பர் அளவுக்கே வந்துவிட்டது. உள்வாங்க இடமில்லை. போதாக்குறைக்கு, அடித்து அடித்துப் பித்தளை இறுகிப்போயிருக்கும். பாத்திரம் தட்டுகிறவர்கள் நடுநடுவே தகட்டை நெருப்பில் காட்டி எடுப்பது இதற்காகத்தான். நீங்களும் காட்டலாம், கழுத்தையும் அதற்குக் கீழே சரியும் தோளையும் மட்டும். அடிப்பாகத்தில் சூடு ஏறினால் கூடு பழந்துணி மாதிரி ஆகிவிடும், அங்கே விறைப்பு இருந்தே ஆக வேண்டும்.

கழுத்து மட்டும் சைஸ் செய்கிற பழக்கத்தை நான் விட்டு வெகுநாள் ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் முழு உடம்பையும் சைஸ் செய்யுங்கள், ஆனால் தோளை ஒன்று அல்லது இரண்டு தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மட்டும் பின்னுக்குத் தள்ளுங்கள், அதாவது அதிகபட்சம் 0.05 மில்லிமீட்டர். டையைக் கண்ணை மூடிக்கொண்டு, கூட்டின் அடியைப் பிடித்திருக்கும் ஷெல் ஹோல்டரில் முட்டும்வரை இறக்கினால் தோள் தேவைக்குமேல் பின்னால் போகும், அடுத்த முறை சுடும்போது கூடு அந்த இடைவெளியை நிரப்ப நீளும், நாலைந்து சுற்றில் அடிக்குச் சற்று மேலே வெளிறிய வளையம் தெரியும். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் கொக்கியாக வளைத்து, உள்ளே விட்டு அடியிலிருந்து மேலே இழுங்கள். எங்காவது பள்ளத்தில் தடுக்கினால் அடுத்த சுடுதலில் கூடு இரண்டாகக் கழன்று, முன்பாதி சேம்பரில் நின்றுவிடும்.

அந்த ‘டக்’, அடிப்பாகத்துக்குச் சற்று மேலே உள்ள தடித்த இடம் பெருத்துவிட்டதன் அடையாளம். சாதாரண டை அவ்வளவு கீழே எட்டிப் பிடிப்பதில்லை. ஸ்மால் பேஸ் டை என்று கேட்டு வாங்குங்கள், அல்லது ஆறு முறை உழைத்த கூடுகளுக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள், மலிவாக முடியும். வெர்னியரைக் கையில் எடுக்கும்போதே நீளத்தையும் பாருங்கள். .243 கூட்டின் உச்ச நீளம் 2.045 அங்குலம். அதைத் தாண்டிய கழுத்து, சேம்பர் முடிகிற இடத்தில் போய் நசுங்கிக் குண்டைக் கவ்வும், நடுத்தர மருந்தும் அப்போது உச்ச அளவு போல நடந்துகொள்ளும்.

கேள்வி: இங்கே ஒரு அருங்காட்சியகத்தில் ராஸ் ரைபிளைப் பார்த்தேன். முதல் உலகப்போரில் கூடு சிக்கியே கைவிடப்பட்டது என்று எழுதியிருந்தது. அவ்வளவு மோசமான துப்பாக்கியா? - வாசகி, டொரண்டோ

பதில்: மோசம் என்று சொல்ல மனம் வரவில்லை. குறிபார்த்துச் சுடுகிறவர்கள் அதைக் கடைசிவரை விடவில்லை. கனடா அதைத் தன் ரைபிளாகக் கொண்டுதான் போருக்குப் போனது. சேம்பர் இறுக்கமானது, போல்ட் சுழற்றாமல் நேராக இழுக்கிற வகை. கைப்பிடியைச் சுழற்றித் தூக்கும் சாதாரண போல்ட்டில் ஒரு சரிவு இருக்கும், அது நெம்புகோல்போல் கூட்டை முதல் அசைவு அசைத்துக் கொடுத்துவிடும். ராஸில் அந்த உதவி போதவில்லை. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தில் நடந்த இரண்டாம் ஈப்பர் போரில், அளவில் கொஞ்சம் முன்னேபின்னே இருந்த பிரிட்டிஷ் .303 தோட்டாக்களும் சேறும் சேர்ந்ததும் கூடுகள் இறுகிக்கொண்டன. வீரர்கள் போல்ட்டைப் பூட்ஸ் காலால் உதைத்துத் திறந்தார்கள், செத்துக்கிடந்த பிரிட்டிஷ் வீரர்களின் லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொண்டார்கள். 1916-இல் ராஸ் போர்முனையிலிருந்து விலக்கப்பட்டது. அந்த லீ-என்ஃபீல்ட் வேறு எதுவுமில்லை, நம்மூர் போலீஸ்காரர் தோளில் பார்த்த அதே த்ரீ நாட் த்ரீதான். அதன் சேம்பர் தாராளம், அழுக்குத் தோட்டாவையும் விழுங்கிவிட்டுத் துப்பும். அந்தத் தாராளத்துக்கு விலையும் உண்டு, .303 கூடுகளை நாம் மறுபடி நிரப்பும்போது சீக்கிரமே அடிப்பாகம் கழன்றுவிடுகிறது.

இதைவிடப் பழைய கதையும் இருக்கிறது. 1876-இல் அமெரிக்கப் பூர்வகுடிகளோடு நடந்த லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில் அமெரிக்கத் தளபதி கஸ்டரின் குதிரைப்படையிடம் இருந்த ஸ்பிரிங்ஃபீல்ட் கார்பைனுக்குக் கூடுகள் பித்தளை அல்ல, செம்பு. செம்பு மிருது, உப்பினால் அவ்வளவாகத் திரும்பாது. தோல் வாரில் செருகி வைத்ததில் பச்சைக் களிம்பு வேறு. சூடான சேம்பரில் ஒட்டிய கூட்டைக் கத்தி நுனியால் நெம்ப வேண்டியதாயிற்று. தோற்றதற்கே அதுதான் காரணம் என்பார்கள் சிலர். 1980-களில் அங்கே தோண்டி எடுத்த கூடுகளை ஆராய்ந்தபோது நெம்பிய தடம் சிறு பகுதியில்தான் இருந்தது, ஆகவே அந்தப் பேச்சை அப்படியே நம்ப வேண்டியதில்லை.

வியட்நாமில் அமெரிக்க ராணுவ ரைபிளான எம்16 பட்ட பாடும் இதே பாடுதான். மருந்தின் வகையை மாற்றினார்கள், சேம்பருக்குக் குரோமிய முலாம் இல்லை, சுத்தம் செய்யும் சாமான் பலருக்குக் கொடுக்கப்படவே இல்லை. மழையிலும் ஈரத்திலும் துரு பிடித்த சேம்பரில் கூடு நின்றது. கூட்டைத் தள்ள வீரர்கள் கம்பியோடு அலைந்தார்கள். 1967-இல் அமெரிக்கக் காங்கிரஸ் குழு விசாரித்துக் கண்டித்தது, அந்தக் காலகட்டத்திலேயே முலாமும் வந்தது. ஜப்பானியர்கள் இரண்டாம் உலகப்போரிலேயே அரிசாகா டைப் 99 குழலுக்குள் குரோமியம் பூசியிருந்தார்கள் என்பதுதான் எரிச்சலான விஷயம்.

கேள்வி: படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. இந்தியாவில் வீட்டில் இப்படி நிரப்பலாமா? - வாசகர், மதுரை

பதில்: துப்பாக்கி லைசென்ஸ் இருந்தாலும் அது இதற்குப் போதாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவுப்படி தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும், மீறினால் சிறை, 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை இன்னும் கடுமை. ஆசைக்கு ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து ஏர் ரைபிள் சுடுங்கள், அதுவும் நல்ல போதைதான்.

கேள்வி: ஓய்வு கொடுத்த கூடுகளை எடைக்குப் போடலாமா? பித்தளை நல்ல விலை போகிறதே. - வாசகர், டாலஸ்

பதில்: போடலாம். சுடாத பிரைமர் எதிலும் இல்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகு, இடுக்கியால் ஒவ்வொரு கூட்டின் வாயையும் நசுக்கிவிட்டுப் போடுங்கள். நான் அப்படிச் செய்யாமல் ஒருமுறை ரேஞ்ச் வாளியில் கொட்டிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் ஒரு இளைஞர் அவற்றைச் சட்டைத் துணியால் துடைத்துத் துடைத்துத் தன் பைக்குள் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.